சைக்கிள் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது எப்படி? கேள்வி-பதில்

இம்முறை வந்த மடல்களில் பெரும்பாலானவை, வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ விரும்புவோர் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.-இன் பேச்சுத் தேர்வில் சைக்கிள் குறித்துக் கேட்கப்படும் வினாக்களைப் பற்றியவை. தேர்வின் மூன்று பகுதிகளையும் அறிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன்.

கேள்வி: ‘ஐ டிரைவ் எ சைக்கிள்’ என்பது அவ்வளவு பெரிய தவறா?

பதில்: ஆம், கேட்டவுடன் காதில் உறுத்தும் தவறு. தமிழில் ‘ஓட்டு’ என்ற ஒரே வினை காருக்கும் சைக்கிளுக்கும் பொருந்திவிடுகிறது. ஆங்கிலத்திலோ இருபுறமும் கால் போட்டு அமர்ந்து செல்வதற்கு ‘ரைடு’, காரைப் போன்றவற்றைச் செலுத்துவதற்கு ‘டிரைவ்’. ‘சைக்கிள் கற்றுக்கொண்டேன்’ என்பதை ‘லேர்ன்ட் சைக்கிள்’ என்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். ‘லேர்ன்ட் டு ரைடு எ பைக்’ என்பதே சரி. கீழே விழுந்தால் ‘ஃபெல் ஆஃப் மை பைக்’, செயின் கழன்றால் ‘தி செயின் கேம் ஆஃப்’. ‘பை பைக்’ என்றும் சொல்லலாம், ‘ஆன் மை பைக்’ என்றும் சொல்லலாம். இரண்டையும் கலந்து ‘பை மை பைக்’ என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: ‘பைக்’ என்றால் மோட்டார் சைக்கிள் என்று தேர்வாளர் நினைத்துவிட மாட்டாரா?

பதில்: மாட்டார். வினாவே சைக்கிளைப் பற்றியது.

கேள்வி: உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தனியே நிற்கும்போது ‘சைக்கிள்’, முன்னால் ‘பை’ சேர்ந்தால் ‘பைசிக்கிள்’. நடுவில் வருவது ‘சி’தான், ‘பைசைக்கிள்’ என்று ஒரு சொல் இல்லை. அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். ‘மோட்டார்சைக்கிள்’ என்பதிலோ ‘சை’ அப்படியே நிற்கும். தமிழராக ஒலிப்பதற்காக மதிப்பெண் குறையாது. சொல் புரியாமல் போனால்தான் குறையும்.

கேள்வி: சைக்கிளின் நன்மைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். இதை மனப்பாடம் செய்துவிட்டால் எந்த வினா வந்தாலும் சமாளிக்கலாம் அல்லவா?

பதில்: சமாளிக்க முடியாது. இதே பத்தியைச் சிற்சில மாற்றங்களுடன் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன்: சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு உகந்தது, செலவு குறைவு, உடலுக்கு நல்லது. மூன்றும் உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேர்வாளர் கேட்டது ‘சிறுவயதில் உங்களிடம் சைக்கிள் இருந்ததா?’ என்பது. அதற்கு ‘இருந்தது’ அல்லது ‘இல்லை’ என்று தொடங்காமல் காற்று மாசைப் பற்றிப் பேசத் தொடங்கும் மாணவர், வினாவைப் புரிந்துகொள்ளவில்லை என்பதைத் தாமே அறிவித்துவிடுகிறார். மனப்பாடப் பகுதி வரும்போது குரல் தட்டையாகி வேகம் கூடும். அது முடிந்து சொந்தச் சொற்களுக்கு வரும்போது தடுமாற்றம் தொடங்கும். இந்த வேறுபாட்டைக் கேட்டறியப் பயிற்சி பெற்றவர்கள்தாம் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். கலந்துரையாடலாக அமையும் மூன்றாம் பகுதியில் அவர்கள் உங்கள் பதிலிலிருந்தே அடுத்த வினாவைத் தொடுக்க முடியும் என்பதால், அங்கே பத்தி உங்களைக் காப்பாற்றாது. இப்படிப்பட்ட பத்திகளை விற்கும் பயிற்சியாளர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. பயிற்சிக்குச் செலவிட வேண்டிய வாரங்களை மாணவர்களிடமிருந்து பறிப்பவர்கள் அவர்கள். மாறாக, ‘இருந்தது, சிவப்பு நிறம், அண்ணனுடையது என்பதால் எனக்கு உயரம் அதிகம், கால் எட்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன்’ என்று எளிய ஆங்கிலத்தில் நான்கு சொற்றொடர் சொல்லிப் பாருங்கள். அதில் நேரடி விடை, காரணம், கடந்த காலம், உங்கள் சொந்தக் குரல் எல்லாம் வந்துவிடும். முதலில் கேட்டதற்கு விடை, பிறகு விளக்கம்.

கேள்வி: சிறுவயதுப் பழக்கத்தைச் சொல்ல ‘யூஸ்ட் டு’, ‘வுட்’ இரண்டில் எது?

பதில்: திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு இரண்டும் பொருந்தும். உடைமையையும் நிலையையும் சொல்ல ‘யூஸ்ட் டு’ மட்டுமே பொருந்தும். ஆகவே ‘ஐ யூஸ்ட் டு ஹேவ் எ பைக்’. ‘ஐ ஆம் யூஸ்ட் டு ரைடு’ என்பது பிழை.

கேள்வி: எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. பொய் சொல்லலாமா?

பதில்: தேர்வு உங்கள் மொழியை அளக்கிறது, வாழ்க்கையை அல்ல. ஆனாலும் ‘கற்றுக்கொள்ளவே இல்லை, ஏனென்றால்…’ என்னும் விடை கற்பனையை விட எளிதாக வளரும்.

கேள்வி: கொடுத்த தலைப்பில் தனியாகப் பேச வேண்டிய இரண்டாம் பகுதியில் 40 நொடிகளிலேயே பேச்சு நின்றுவிடுகிறது.

பதில்: தயாரிப்புக்குத் தரும் 1 நிமிடத்தில் முழுச் சொற்றொடர்களை எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்தாறு சொற்கள் போதும். பொருளை வருணிப்பதோடு நிற்காமல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்: எங்கே போனீர்கள், வழியில் என்ன ஆயிற்று, எப்படி வீடு திரும்பினீர்கள். நிகழ்ச்சிக்குத் தொடக்கமும் முடிவும் இருப்பதால் 2 நிமிடம் தானே நிரம்பும்.

கேள்வி: மூன்றாம் பகுதியில் சைக்கிளின் வரலாற்றைச் சொன்னால் மதிப்பெண் கூடுமா?

பதில்: கேட்டால் சொல்லுங்கள். ‘காலப்போக்கில் சைக்கிள் எப்படி மாறியிருக்கிறது?’ என்ற வினா வந்தால், 1817இல் கார்ல் வான் டிரைஸ் உருவாக்கிய வண்டிக்கு மிதிகட்டை இல்லை, காலால் தரையை உந்தியே செல்ல வேண்டும் என்பதும், 1880களில் செயினும் காற்றடைத்த டயரும் வந்து இன்றைய வடிவம் அமைந்தது என்பதும் நன்கு பயன்படும். சாலையில் தனிப் பாதை வேண்டுமா என்று கேட்கும்போது இதைக் கொண்டுவந்தால், மேலே சொன்ன பத்தியின் கதைதான்.

கேள்வி: பேச்சுத் தேர்வில் எனக்கு 9க்கு 6 வருகிறது. 7 வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கிற்கும் சம பங்கு உண்டு. எதில் குறைகிறீர்கள் என்று எழுதாமல், பேசிய பதிவு ஒன்றையும் அனுப்பாமல் கேட்டால் என்னால் எதைச் சொல்ல முடியும்? உங்கள் பேச்சைப் பதிவு செய்து, ஒருமுறையேனும் நீங்களே கேட்டுவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ‘பங்க்சர்’ என்பதா, ‘ஃபிளாட் டயர்’ என்பதா?

பதில்: இரண்டும் ஏற்கத்தக்கவை. ‘தி டயர் இஸ் பங்க்சர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ஐ ஹேட் எ பங்க்சர்’ என்று சொல்லுங்கள்.