நூறா, நானூறா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. ஓமலூர் பக்கம் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. வருவாய் மாவட்டப் போட்டியில் 100 மீட்டரை 12.7 விநாடியில் ஓடி நான்காவதாக வந்தாள், 200-ல் 25.8, இரண்டாவது. ஆள் இல்லையென்று 400-லும் இறக்கிவிட்டார்கள். முதல் 200-ஐ 27-ல் கடந்து முன்னால் போனவள், கடைசியில் நடக்கிற மாதிரி வந்து 60.5-ல் முடித்தாள். எல்லாம் ஸ்டாப்வாட்ச் கணக்கு. “ஸ்டார்ட் சரியில்லை, கடைசி 30 மீட்டரில்தான் வேகமெடுக்கிறாள், 400-க்கு மாற்றிவிடலாம்” என்கிறார் பி.டி. சார். அவளுக்கோ 100-தான் உயிர். ஏற்காட்டில் ஒரு மாதம் தங்கி ஓடினால் ஸ்டாமினா ஏறுமா?

– ஒரு தாய்மாமன்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் நேரத்தைச் சரிசெய்துகொள்வோம். கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200-க்கு 0.24 விநாடியும் 400-க்கு 0.14-ம் கூட்டுவது வழக்கம். அப்படியானால் அவள் 12.94, 26.04, 60.64. மாநிலப் போட்டி முடிவுகளோடு ஒப்பிடும்போது இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி 30 மீட்டரில் அவள் வேகமெடுக்கவில்லை. அங்கே யாராலும் முடியாது. 2009-ல் பெர்லினில் 9.58 ஓடிய உசேன் போல்ட்டுக்கே 60-லிருந்து 80 வரை 1.61 விநாடி, கடைசி 20 மீட்டருக்கு 1.66. பக்கத்தில் ஓடுகிறவர்கள் சீக்கிரம் தளர்கிறார்கள், இவள் மெதுவாகத் தளர்கிறாள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது எட்டிப் பிடிப்பதாகத் தெரிகிறது. 200 மீட்டர் நேரமும் இதையே காட்டுகிறது. 12.94-ஐ இரட்டித்தால் 25.88, அவள் ஓடியது அதைவிட 0.16 தான் கூடுதல். பி.டி. சார் காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் ஆளைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

400-ல் நடந்தது எளிய தவறு. முதல் பாதி 27, இரண்டாம் பாதி 33.5. தன் உச்ச 200 நேரத்தைவிட வெறும் 1.2 விநாடி மெதுவாக முதல் பாதியை ஓடுவது பழகியவர்களின் ஓட்டம். பழகாத காலில் 300-ஐத் தாண்டியதும் முழங்கால் எழும்பாது, தோள் காதுவரை ஏறிவிடும். அடுத்தமுறை முதல் 200-ஐ 28 - 28.5-ல் கடக்கச் சொல்லுங்கள். வேறெதையும் மாற்றாமலே 60-க்குள் வந்துவிடுவாள்.

ஆனாலும் இப்போதே முழுக்க 400-க்கு மாற்றாதீர்கள். 2018 ஆசிய விளையாட்டில் ஹிமா தாஸ் 400-ஐ 50.79-ல் ஓடினார். பாதிக்குப் பாதி போட்டால் ஒவ்வொரு 200-ம் சுமார் 25.4. உங்கள் அக்கா மகளின் உச்ச 200 நேரமே அதைவிட மெதுவானது! வேகம் இல்லாதவரிடம் ஸ்டாமினாவை மட்டும் ஏற்றினால், தளராமல் மெதுவாக ஓடுவார், அவ்வளவுதான். இந்த வருடம் 100, 200 முதன்மை. 400 வருடத்துக்கு மூன்று நான்கு முறை போதும். அவளுக்கும் மனக்குறை இருக்காது.

ஸ்டார்ட்டுக்கு பிளாக் (காலை ஊன்றிக் கிளம்பும் பலகைகள்) இல்லையென்றாலும் பழகலாம். கால்களைச் சேர்த்து நின்று, உடம்பு முழுவதும் முன்னால் சாய்ந்து, விழப்போகும் கணத்தில் ஓடத் தொடங்கி 20 மீட்டர். பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றாவது அடியிலேயே நிமிர்ந்துவிடுவார்கள். நிமிர்ந்தபின் கால் தரையைப் பின்னுக்குத் தள்ளாது, கீழே குத்தும். பிளாக் கிடைத்தால் முன்பலகையைக் கோட்டிலிருந்து அவள் பாதத்தால் இரண்டு அடி, பின்பலகையை மூன்று அடி தள்ளி வைத்துத் தொடங்குங்கள்.

வேகத்துக்கு: 30 மீட்டர் ஓடி வேகம் ஏற்றி, அடுத்த 30-ஐ முழு வீச்சில். நான்கு முறை, நடுவில் ஐந்தாறு நிமிட ஓய்வு. வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் 48 மணி நேர இடைவெளி. ஓய்வைக் குறைத்தால் பின்தொடைச் சதை பிடித்துக்கொள்ளும், சீசனே போய்விடும். இதற்கு ஸ்டாப்வாட்ச் உதவாது. பக்கவாட்டில் செல்போனை நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுத்து ஃபிரேம்களை எண்ணுங்கள். முழு வீச்சில் ஓடும் அந்த 30 மீட்டர் இப்போது 3.5 விநாடியை ஒட்டி இருக்கும்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். உயரப் பயிற்சி நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கானது, அதுவும் வழக்கமாக 2000 மீட்டருக்கு மேல். கொண்டை ஊசி வளைவுகளில் ஓடி இறங்கினால் முழங்கால்தான் போகும். அடிவாரத்தில் லேசான ஏற்றமாக 30 மீட்டர் மண் பாதை பார்த்து, ஆறு முறை ஏறி ஓடி, நடந்து இறங்கட்டும். ஸ்டார்ட்டுக்கு அதுவே மருந்து. மிச்சப் பணத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் 400-ல் கடைசியில் நடந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்துவிட்டுப் பயிற்சியைக் கூட்டுங்கள்.

ஆறு மாதம் கழித்து 300 மீட்டர் ஒன்று ஓடவிடுங்கள். பள்ளியின் 200 மீட்டர் மண் சுற்றில் வேண்டாம், வளைவு குறுகல், நேரம் பொய் சொல்லும். சேலம் காந்தி ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போங்கள். 42 விநாடிக்குள் வந்தால், அடுத்த வருடம் 400-க்குப் பெயர் கொடுக்கலாம்.