மலைத் தேனீயும் தோப்புத் தேனீயும் வேறு வேறு இனமா?

கேள்வி: கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு தேனீப் பெட்டி வாங்கி வந்தேன். தேனீக்கள் பெரிதாக, கறுப்பாக இருக்கின்றன. எங்கள் தோப்பில் மரப்பொந்தில் பிடித்தவை சின்னவை, மஞ்சள் நிறம். இரண்டும் வேறு இனமா? கடையில் வாங்கிய, அறைகள் அச்சிட்ட மெழுகுத் தாளில் தோப்புத் தேனீ அடையைக் கோணலாகக் கட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் ஒரே இந்தியத் தேனீதான். காஷ்மீரில் அது நன்றாகப் பெருத்திருக்கும். தெற்கே வர வர உடல் சிறுக்கும். மலை ஏற ஏற மறுபடி பெரிதாகி, நிறமும் கறுக்கும். இடையில் எல்லைக்கோடு கிடையாது. நடுமலை ஊர்களில் பிடித்துப் பாருங்கள், நடுத்தரமான தேனீதான் கிடைக்கும். ராணி வெளியே பறந்துபோய்ப் பல ஆண் தேனீக்களோடு கூடுவதால் அக்கம்பக்கத்து ரத்தம் கலந்துகொண்டே இருக்கிறது. உங்கள் மலைக் குடும்பத்திலும் புது ராணி வந்தால் அவள் உள்ளூர் ஆண் தேனீக்களோடுதான் கூடுவாள். அப்புறம் இரண்டு மாதத்தில் பெட்டியின் தோற்றமே மாறத் தொடங்கும்.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். கூட்டுப்புழுப் பருவத்தில் குளிர் பட்டால் ஒரே ராணியின் பிள்ளைகள்கூடக் கறுப்பாகப் பிறக்கும். பழைய, கறுத்த அடையில் அறை குறுகிப்போவதால் தேனீயும் சிறுத்துவிடும். அளக்க வேண்டியது புது அடையின் அறையைத்தான். பணித் தேனீ அறைகளை ஒரே வரிசையில் 10 செ.மீ.க்கு எண்ணுங்கள். சமவெளித் தேனீக்கு ஏறத்தாழ 23 வரும், மலைத் தேனீக்கு அதைவிடக் குறையும்.

கோணல் அடைக்குக் காரணமும் அநேகமாக இதுதான். தாளில் அச்சான அறை பெரிதாக இருந்தால் சின்னத் தேனீ அதை ஏற்காமல் தன் அளவுக்குக் கட்டப் பார்க்கும். முழுத் தாள் வேண்டாம். சட்டத்தின் மேல்கட்டையில் ஒரு அங்குல அகலத்துக்கு மெழுகுப் பட்டை ஒட்டி, பெட்டியைச் சாய்வில்லாமல் வையுங்கள். மீதியைத் தேனீயே நேராகக் கட்டிக்கொள்ளும். நம் பக்கத்து நியூட்டன் பெட்டி சிறியதாகவும், வடக்கு மலைப் பெட்டிகள் பெரியதாகவும் இருப்பதுகூடத் தேனீயின் அளவு கருதித்தான்.

மலைக் குடும்பத்தை நல்ல நிழலில் வையுங்கள். கோடையில் பக்கத்திலேயே தண்ணீர் வேண்டும், பூ இல்லாத நாளில் சர்க்கரைப் பாகு கொடுங்கள். வெக்கையும் பசியும் சேர்ந்தால் பெட்டியைக் காலி செய்துகொண்டு போய்விடும். இனிமேல் வெளியிலிருந்து வாங்குவதைவிட உள்ளூர்க் குடும்பத்தைப் பிரித்துப் பெருக்குவதே நல்லது என்பேன். 1990களில் தாய் சாக்புரூட் (தாய்லாந்தின் பெயரால் அழைக்கப்படும், தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய்) தெற்கே ஏராளமான பெட்டிகளை அழித்தது. பெட்டி ஊர் மாறினால் நோயும் ஊர் மாறும். இப்போதே அடையைத் தூக்கிப் பாருங்கள். மூடாத அறையில் புழு தலை நிமிர்த்தி, நீர்ப்பை போல உப்பிச் செத்துக் கிடந்தால் அந்தப் பெட்டியைத் தள்ளி வையுங்கள். அதன் சட்டத்தை மற்றதில் போடாதீர்கள்.