ஜப்பானிய வெண்கலக் கண்ணாடியைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வணக்கம். பழைய சாமான் கடையில் வாங்கிய, கைப்பிடி வைத்த வட்டத் தகட்டில் முகமே தெரியவில்லை, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்!

படத்தைப் பார்த்தால் ஜப்பானின் எடோ காலத்து (1603–1868) பாணியில் செய்த வெண்கலக் கண்ணாடி போலத்தான் இருக்கிறது. பின்புறத்து நாரையும் பைன் மரமும் நீண்ட ஆயுளின் அடையாளங்கள். ஓரத்தில் மேலிருந்து கீழாக உள்ள எழுத்துகளில் முதல் மூன்று 'தென்கா இச்சி', அதாவது 'உலகிலேயே முதல்'. செய்தவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட பட்டம் அது. 1682இல் தடை வந்தும் நிற்கவில்லை, அதனால் அதை வைத்து வயது சொல்ல முடியாது.

முன்பக்கம் வெறும் வெண்கலம் இல்லை. வெள்ளீயமும் பாதரசமும் கலந்து பூசியிருப்பார்கள். மங்கினால் மெருகேற்ற ஊர் ஊராகப் போகும் தொழிலாளிகளே இருந்தார்கள். புளி பட்டால் அந்தப் பூச்சு போய்விடும். பாதரசம் என்பதால் கையுறை போட்டுத் தொடுங்கள், காய்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் எடுங்கள்.

அப்புறம், ஜப்பானில் உள்ள இசே ஆலயத்தில் சூரிய தேவி அமதெராசுவின் திருவுருவமாக இருப்பதும் ஒரு கண்ணாடிதான். அதை யாருக்கும் காட்டுவதில்லை. முகம் தெரியாவிட்டாலும் உங்களுடையதைப் பத்திரமாக வையுங்கள்.