38 பக்க விதிப் புத்தகமும் ஒரு குட்டி யானையும்: கேட்டட் கம்யூனிட்டிக்குப் போகலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். கணவர் சொந்தமாகக் குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) வைத்து எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கு லோடு அடிக்கிறார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, பையன் ஒன்பதாவது படிக்கிறான், தெருவில் எடுத்து வளர்த்த நாய் ஒன்று இருக்கிறது. செங்குன்றம் தாண்டி ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் 1,050 சதுர அடி ஃப்ளாட் பார்த்திருக்கிறோம். இடம் சுத்தம், அமைதி, எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 38 பக்கத்துக்கு விதிமுறைப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், பார்த்தாலே தலை சுற்றுகிறது. வண்ணாரப்பேட்டை வீட்டை விற்றுவிட்டு அங்கே போகலாமா?

பதில்: விற்காதீர்கள். வாங்கவும் அவசரப்படாதீர்கள். அதே வளாகத்தில் ஒரு வீட்டை 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்துப் போய் இருந்து பாருங்கள், இப்போதைய வீட்டைப் பூட்டி வைத்தாலும் சரி, வாடகைக்கு விட்டாலும் சரி. ஆனால் வாடகைக்குப் போவதற்கு முன்னாலேயே ஒரு விஷயத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும், அது வண்டி.

அடுக்குமாடிச் சங்கங்களுக்கு பைலா, அதாவது சங்க விதிமுறை, எழுதிக் கொடுப்பதும், சண்டை வந்தால் நடுவில் உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. என்னிடம் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒரு புது விதியால் வருபவை அல்ல. முதல் நாளே கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்த விதிதான், 'இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்' என்று நினைத்து விட்டதுதான். பார்ப்பார்கள். பார்ப்பதற்கென்றே ஆள் இருக்கிறார்கள், அதற்குத்தான் நீங்கள் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டப் போகிறீர்கள்.

வண்டிக்கு வருவோம். இந்த மாதிரி வளாகங்களில் 'வணிக வாகனங்களை இரவில் உள்ளே நிறுத்தக் கூடாது' என்று ஒரு வரி அடிக்கடி இருக்கும். உங்கள் 38 பக்கத்தில் பார்க்கிங் பகுதியைத் தேடிப் படியுங்கள், மஞ்சள் போர்டு என்றோ, சரக்கு வாகனம் என்றோ, 'கார், இருசக்கர வாகனம் மட்டும்' என்றோ ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கக்கூடும். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட சொந்த இடத்தில்தானே நிறுத்துகிறேன் என்று வாதாடலாம், ஆனால் அந்த இடம் எதற்கு என்று ஒப்பந்தத்தில் 'கார் பார்க்கிங்' என்று எழுதியிருந்தால் வாதம் அங்கேயே நொண்டும். போதாக்குறைக்கு ஸ்டில்ட் பார்க்கிங்கின், அதாவது கட்டிடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் பார்க்கிங்கின் உயரம், பின்னால் கூடு கட்டிய வண்டி என்றால் பீமில் இடிக்குமா என்று டேப் வைத்து அளந்தே பார்க்க வேண்டும். உள்ளே விடவில்லை என்றால் வண்டி ஜி.என்.டி. ரோட்டு ஓரத்தில் நிற்கும், ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரி போகிற ரோடு அது, பேட்டரிக்கும் டீசலுக்கும் யார் காவல்? இப்போது வாசலில் நிற்கிறது, ஜன்னலைத் திறந்தால் தெரிகிறது. சோறு போடுகிற வண்டியை நிறுத்த இடமில்லாத வீட்டுக்கு நீச்சல் குளம் இருந்தும் பிரயோஜனமில்லை. இன்னொன்று, லோடு எடுக்கும் இடம் இப்போது நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே போனால் தினமும் காலையில் காலி வண்டியை செங்குன்றத்திலிருந்து ஓட்டி வர வேண்டும், அந்த டீசல் யார் கணக்கிலும் வராது.

இனி அந்தப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். 38 பக்கமும் ஒரே எடை கிடையாது. கிரயப் பத்திரத்திலும் கட்டுமான ஒப்பந்தத்திலும் இருப்பது ஒன்று, அது உங்களைக் கட்டும். பதிவு செய்யப்பட்ட சங்கத்தின் பைலா இன்னொன்று. தமிழ்நாட்டில் நிறைய சங்கங்கள் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை, பைலாவை மாற்றினால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். மூன்றாவது, கமிட்டி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் போடும் சுற்றறிக்கை. பால்கனியில் துணி காயப் போடக் கூடாது, லிஃப்டில் காஸ் சிலிண்டர் ஏற்றக் கூடாது, பழைய செருப்பு ஸ்டாண்டை வாசலில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவது ரகம். இந்தக் கமிட்டி போட்டதை அடுத்த கமிட்டி எடுத்துவிடலாம், அடுத்த கமிட்டி இன்னும் மோசமாகவும் போடலாம். உங்கள் புத்தகத்தில் எது எந்த ரகம் என்று கேளுங்கள். 'எல்லாம் ஒண்ணுதான் மேடம்' என்று பதில் வந்தால் அவர்களுக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம், அந்தப் புத்தகத்தை எழுதியது யார்? குடியிருப்பவர்களின் சங்கமா, கட்டிய பில்டரா? பாதிக்கு மேற்பட்ட வீடுகள் புக் ஆன மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழி செய்ய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா சொல்வது. ஆனால் சில இடங்களில் ஆள் குடி வந்து ஆண்டுக்கணக்கானாலும் பில்டரின் சொந்த மெயின்டனன்ஸ் கம்பெனியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். விதியும் அவர்களே, விலையும் அவர்களே, கார்பஸ் ஃபண்டும், அதாவது வீட்டுக்காரர்கள் கட்டிய பொது நிதியும், அவர்கள் கையில். அப்படி இருந்தால் புத்தகம் நான்கே பக்கமாக இருந்தாலும் நான் யோசிப்பேன். சங்கம் கைக்கு வந்து, வருடா வருடம் ஆடிட் கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கிற இடம் என்றால் புத்தகம் எண்பது பக்கம் இருந்தாலும் பயப்பட மாட்டேன். புதுக் கட்டிடம் என்றால் இன்னொரு விஷயத்தையும் நினைவில் வையுங்கள்: சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை கட்டுமானக் குறைகளைச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டியது பில்டரின் பொறுப்பு. கேட்க வேண்டிய பில்டரே நிர்வாகியாகவும் இருந்தால் யார் யாரிடம் கேட்பது?

தையல் வேலைக்குத் தடை இருக்காது என்றே நினைக்கிறேன், ஆனால் கேட் இருக்கிறது. இப்போது உங்கள் வாடிக்கையாளர் கையில் பிளவுஸ் பிட்டோடு நேரே வாசலுக்கு வந்து, நின்றபடியே அளவு கொடுத்துவிட்டுப் போகிறார். அங்கே செக்யூரிட்டி அவரை நிறுத்துவார், பெயர், ஃபோன் நம்பர், எந்த பிளாக், எந்த வீடு என்று ஆப்பில் போடுவார், உங்கள் மொபைலில் மணி அடிக்கும், நீங்கள் மெஷினில் இருந்து காலை எடுத்து, 'அலவ்' அழுத்த வேண்டும். நெட் சரியாக எடுக்கவில்லை என்றால் அந்த அம்மா வெயிலில் நிற்பார். ஆடி முடிந்து கல்யாண சீசன் வந்தால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ரெண்டு மாதத்தில் யாராவது ஒருவர் குரூப்பில் 'அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை விசிட்டர்' என்று போடுவார். அதே சமயம், ஒரே வளாகத்தில் இருநூறு முந்நூறு வீடு இருந்தால் உள்ளேயே வாடிக்கை பிடிக்கும், பிளவுஸ் தைக்கத் தெரிந்தவர் பக்கத்து பிளாக்கில் இருக்கிறார் என்றால் யாரும் வெளியே போக மாட்டார்கள். பழைய வாடிக்கையை இழந்து புது வாடிக்கை சேரும் வரை ஆகும் இடைவெளியைத் தாக்குப் பிடிக்க முடியுமா என்பதுதான் கணக்கு.

நாயைப் பற்றிக் கவலை வேண்டாம். செல்லப் பிராணி வளர்க்கவே கூடாது என்று சங்கம் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ரேபிஸ் ஊசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள், கயிறு போட்டுக் கூட்டிப் போங்கள், அசுத்தம் செய்தால் அள்ளிவிடுங்கள், போதும்.

மாமியார் விஷயம் அப்படி இல்லை. ஓரளவு நடமாடும் எழுபது வயது அம்மாவுக்கு லிஃப்ட், சமதரை நடைபாதை, ராத்திரி வெளிச்சம் எல்லாமே நல்லதுதான். ஆனால் அவர் சாயங்காலம் எங்கே உட்காருகிறார்? வாசல் படியில் உட்கார்ந்து போகிற வருகிறவரிடம் பேசுகிறவர் என்றால் ஐந்தாவது மாடியில் மூடிய கதவுக்குப் பின்னால் டிவியோடு விடப்படுவார். மொட்டை மாடியில் வடகமும் கருவாடும் காயப் போடுவதை மறக்க வேண்டியதுதான், அநேகமாக மாடிக் கதவே பூட்டியிருக்கும். காசிமேட்டு மீனை உள்ளே பொரிப்பதை யாரும் தடுக்க முடியாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிற பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் சமாளிக்க வேண்டும்.

யாரும் கேட்கத் தயங்கும் ஒன்றையும் கேட்டுவிடுங்கள், வயதானவர்கள் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் இதைச் சொல்வேன்: சாவு நடந்தால் என்ன விதி? ஐஸ் பாக்ஸ் லிஃப்டில் ஏறுமா, இல்லை கீழேதான் வைக்க வேண்டுமா? கீழே என்றால் எந்த இடத்தில், எத்தனை மணி நேரம்? பந்தல் போடலாமா, பறை அடிக்கலாமா, வருகிற ஐம்பது அறுபது பேரின் வண்டியை உள்ளே விடுவார்களா? நம் ஏரியாவில் இதெல்லாம் கேள்வியே இல்லை, தெருவே வந்து நாற்காலி போடும். அங்கே இது செக்ரட்டரி அனுமதி சமாச்சாரம். நல்ல சங்கங்கள் இதற்கென்று ஒரு இடமும் நடைமுறையும் வைத்திருக்கின்றன, கேட்டால் பட்டென்று பதில் வரும். முழித்தால் அன்றைக்கும் முழிப்பார்கள்.

பணம். சதுர அடிக்கு மாதம் 4 ரூபாய் மெயின்டனன்ஸ் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஃப்ளாட்டுக்கு 4,200 ரூபாய், வருடத்துக்கு 50,400. மாதம் 7,500 ரூபாய்க்குள் இருக்கும் வரை ஜி.எஸ்.டி. தொல்லை இல்லை. இது போக கார்பஸ், பெயின்ட் அடிக்கும் வருடத்தில் தனி வசூல். நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வது போன மே மாதத்துத் தண்ணீர் லாரி பில். புழல் ஏரி கண்ணெதிரே கடலாகக் கிடக்கலாம், ஆனால் அது மாநகரத்துக்குக் குடிநீர் போகிற ஏரி, பக்கத்தில் இருப்பதாலேயே உங்கள் குழாயில் வந்துவிடாது. போர்வெல் வற்றினால் லாரிதான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரு நடை போனால் மூக்கு சொல்லிவிடும். விற்பனைக்காரர் காட்டும் பெரிய பூங்கா உங்கள் வளாகத்துக்குச் சொந்தம்தானா என்றும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டும்போது பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் போட்டுக் கொடுக்க வேண்டும், அதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். அது பொது இடம். அதற்குள் வெளியாள் வரக் கூடாது என்று உங்கள் புத்தகத்தில் எழுதியிருந்தால் அந்த வரிக்கு மதிப்பில்லை, அதை நம்பி விலை கொடுக்கவும் வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் அந்த வாழ்க்கையே மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாவது படிக்கிற பையன் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கும்போது ஸ்பீக்கர் கட்டி அலற விடாத தெரு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வாசலை மறித்து எவனோ பைக் போட்டுவிட்டுப் போவதும் அங்கே நடக்காது. அடுத்தவரைக் கட்டுப்படுத்தும் விதி நமக்குப் பிடிக்கும், நம்மைக் கட்டுப்படுத்தும்போதுதான் அது அநியாயமாகத் தெரியும், இதில் எல்லா வீடும் ஒன்றுதான்.

வீட்டை விற்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் பாசம் இல்லை. 2019இல் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது, 2021இல் அது விம்கோ நகர் வரை நீண்டது. தனி மனை, சொந்த நிலம், மெட்ரோ பக்கம். இதை விற்று ஃப்ளாட் வாங்கினால் உங்கள் பெயருக்கு வருவது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான மனையில் பிரிபடாத பாகமாகக் கொஞ்சம் நிலம் மட்டுமே, அது எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். போனபின் ஒத்துவரவில்லை என்றால் ஃப்ளாட்டை விற்றுவிடலாம், ஆனால் வண்ணாரப்பேட்டையில் அதே மாதிரி ஒரு வாசலை அந்தப் பணத்துக்கு மறுபடி வாங்க முடியாது.

வாடகைக்கு இருக்கும்போது உங்களுக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இருக்காது, வாடகைக்காரர் என்று கொஞ்சம் இளக்காரமாகவும் நடத்துவார்கள். அது ஒரு வகையில் நல்லது, சங்கம் யாரிடம் எப்படிப் பேசும் என்பது தெரிந்துவிடும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அந்த 11 மாதத்துக்குள் வரும்படி பார்த்துப் போங்கள், மார்ச் ஏப்ரலில் போனால் சரியாக இருக்கும். டிசம்பரில் தண்ணீர் எங்கே நிற்கிறது, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

கேட்டட் கம்யூனிட்டியே வேண்டும் என்றில்லை, தெரு இரைச்சலும் லிஃப்ட் இல்லாத மாடிப்படியும் பரவாயில்லை என்றால், கொளத்தூர், மாதவரம், தண்டையார்பேட்டையில் எட்டு பத்து வீடு உள்ள சின்னக் கட்டிடங்களையும் பாருங்கள். 10 வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டிடங்களுக்குப் பொது மின்சாரக் கட்டணத்தை 2023இல் அரசு குறைத்தது, மெயின்டனன்ஸும் கைக்குள் அடங்கும். ஆனால் மாமியாருக்குத் தரைத்தளமோ முதல் மாடியோ கிடைத்தால் மட்டும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். சங்கத்தின் செக்ரட்டரிக்கு, சங்கம் இல்லையென்றால் பில்டருக்கு, மெயிலில் இப்படிக் கேளுங்கள்: 'எங்களிடம் இந்தப் பதிவெண் கொண்ட மஞ்சள் போர்டு நான்கு சக்கர சரக்கு வாகனம் இருக்கிறது, நீளம் இவ்வளவு, உயரம் இவ்வளவு. இதை எங்களுக்கு ஒதுக்கும் பார்க்கிங்கில் தினமும் இரவு நிறுத்தலாமா, பைலாவில் எந்தப் பிரிவின்படி?' விற்பனைக்காரர் ஃபோனில் 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று சொல்வது பதில் ஆகாது. மெயிலில் 'ஆம்' வந்தால் வாடகை வீடு தேடுங்கள். வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே புக்கிங் தொகை என்று ஏதாவது கட்டியிருந்தால் ரசீதையும் ஒப்பந்த நகலையும் எனக்கு அனுப்புங்கள், திரும்ப வாங்கும் வழியைத் தனியாகப் பார்ப்போம்.