ஹாலஜன் துணை விளக்கில் எல்இடி பல்பைப் பொருத்தலாமா?

கேள்வி: என் மோட்டார் சைக்கிளில் 55 வாட் எச்3 ஹாலஜன் பல்பு போட்ட இரண்டு துணை விளக்குகள் இருக்கின்றன. வெளிச்சம் மங்கல். மெதுவாக ஓட்டும்போது இரண்டையும் எரியவிட்டால் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. பல்பை மட்டும் எல்இடியாக மாற்றினால் போதுமா?

பதில்: பேட்டரி இறங்குவதை எல்இடி தீர்த்துவிடும். மங்கலைத் தீர்க்குமா என்பது வேறு கணக்கு.

இரண்டு பல்புகளும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கு மேல். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரால் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) அவ்வளவு தர முடியாது. பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டுகிறது. 20 வாட் எல்இடி இரண்டு போட்டால் மூன்றரை ஆம்பியருக்குள் வேலை முடிந்துவிடும்.

மங்கலுக்குப் பல்பு வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, விளக்குகள் எரியும்போதே பேட்டரி முனைகளில் ஒருமுறை, பல்பின் முனைகளில் ஒருமுறை வோல்ட்டேஜைப் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி வயரிங்தான். ஹாலஜன் இழை வோல்ட்டேஜ் குறைவைக் கொஞ்சமும் பொறுக்காது. 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 11.5 வோல்ட் மட்டுமே வந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். மெல்லிய கம்பி, துருப்பிடித்த எர்த் இணைப்பு, தேய்ந்த சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று வழியிலேயே மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகத் தடிமனான கம்பியில் நேராக இணைப்புக் கொடுத்தால், பழைய பல்பே புதிதுபோல எரிவதைப் பார்ப்பீர்கள்.

இனி எல்இடி பல்பு. விளக்கின் ரிஃப்ளெக்டர், அதாவது வெளிச்சத்தை முன்னால் திருப்பும் கண்ணாடிக் கிண்ணம், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இழை ஒன்று குறிப்பிட்ட ஓர் இடத்தில் எரியும் என்று கணக்கிட்டு வளைக்கப்பட்டது. எச்3 பல்பில் அந்த இழை குறுக்குவாட்டில் கிடக்கிறது. சுற்றிலும் வெளிச்சம் வீசுகிறது. எல்இடி பல்பிலோ ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கும். அவை இழையின் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளிக்கற்றை கலைந்துவிடும். வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பளிச்சென்று இருக்கும், தொலைவில் இருட்டு. சிதறும் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பக்கத்துத் தரை பளபளப்பதால் ஓட்டுபவருக்கு மட்டும் "நல்ல வெளிச்சம்" என்று தோன்றும். இந்த ஏமாற்றத்தில் விழாதவர்கள் குறைவு.

ஆகவே, முதலில் ஒரு விளக்கில் மட்டும் பல்பை மாற்றுங்கள். இருட்டியபின் எட்டு மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் இரண்டையும் அடித்துப் பாருங்கள். எல்இடியின் வட்டமும் ஹாலஜனின் வட்டமும் ஒரே வடிவில், ஒரே உயரத்தில் விழுந்தால் மற்றதையும் மாற்றலாம். மேல்புறம் சிதறல் தெரிந்தால் அந்தப் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்கை வாங்குங்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே சரியான வழி. பல நாடுகளில் விளக்குக்கு ஒப்புதல் தருவதே அதற்குரிய பல்போடு சேர்த்துத்தான். பல்பை மாற்றினால் அந்த ஒப்புதல் செல்லாது. உங்கள் ஊர் விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பல்புப் பெட்டியின்மேல் 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சிட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒரு வாட்டுக்கு நூறு லூமன் என்று வைத்துக்கொண்டால் 20 வாட் பல்பு 2,000 லூமன் தரும். அதுவே 55 வாட் எச்3 தருகிற சுமார் 1,450 லூமனைவிட அதிகம்தான்.

வெப்பத்தையும் கவனியுங்கள். ஹாலஜன் தன் சூட்டைக் கண்ணாடி வழியாக முன்னால் அனுப்பிவிடும். எல்இடியின் சூடு அடிப்பகுதியில் தேங்கும். அதனால்தான் பின்னால் விசிறியோ உலோக இதழ்களோ வைக்கிறார்கள். முழுவதும் அடைபட்ட சிறிய விளக்கினுள் காற்றுக்கு வழியில்லை என்றால் பல்பின் ஆயுள் சுருங்கும். பின்மூடி மூடுமா என்று வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

மாட்டியபின் எரியவில்லையா? இணைப்பைத் திருப்பிப் போடுங்கள். ஹாலஜன் எப்படி இணைத்தாலும் எரியும்; எல்இடிக்கு நேர், எதிர் முனைகள் மாறக் கூடாது. கணினி வழியாக விளக்குகளைக் கண்காணிக்கும் வண்டியானால், குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்துப் பல்பு பழுது என்று எச்சரிக்கை வரலாம். ஹெல்மெட்டில் உள்ள இன்டர்காம் கரகரத்தால், மலிவான பல்பின் மின்சுற்றைச் சந்தேகியுங்கள்.

எல்இடிக்கு மாறியதும் 15 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் 5 ஆம்பியர் போடலாம்; கோளாறு வந்தால் விரைவில் துண்டிக்கும். பல்பை மட்டும்தான் மாற்றினீர்கள் என்றால், கழற்றிய ஹாலஜன் பல்புகளைக் கண்ணாடியில் விரல் படாமல் காகிதத்தில் சுற்றி வண்டியிலேயே வையுங்கள். கூடவே அந்த 15 ஆம்பியர் ஃபியூஸையும். அது இல்லாமல் வழியில் அவற்றை மாட்டினால் 5 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போய்விடும்.