சாவியை எடுத்தும் ஓடும் எஞ்சின்

கேள்வி: 1990களில் தயாரான டீசல் கார் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறேன். "இதில் எலக்ட்ரானிக்ஸே கிடையாது; ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும்" என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? (வாசகர், கரூர்)

பதில்: தயாரான ஆண்டை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது, டீசலை எஞ்சினுக்குள் செலுத்தும் பம்ப்பைப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்வதால், எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில் என்ற இரண்டையும் எஞ்சினாலேயே சுழற்றப்படும் பம்ப் கவனித்துக்கொண்டால் போதும்.

1976இல் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ 123 வரிசை டீசல் கார்கள் அப்படிப்பட்டவை. அவற்றில் சாவியைத் திருப்பும்போது எஞ்சினை நிறுத்துவதுகூட மின்சாரம் அன்று, வேக்குவம் எனும் காற்றை உறிஞ்சும் விசைதான். குழாய் எங்காவது வெடித்துக் காற்று கசிந்தால், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து, "ஸ்டாப்" என்று குறித்த சிறு லீவரை அழுத்தித்தான் அடக்க வேண்டும்.

பின்னர் பரவலான போஷ் வி.இ. பம்ப்பும் அடிப்படையில் மெக்கானிக்கலே. ஆனால் அதன் தலையில் மின்சாரத்தால் திறக்கும் ஒரு சோலினாய்டு வால்வு உண்டு. 12 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை டீசலை விடும், அது நின்றால் அடைத்துவிடும். ஆகவே மெக்கானிக் சொல்வது பாதி உண்மை. பேட்டரியைக் கழற்றினாலும், எஞ்சின் சுழற்றும் ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் வண்டி ஓடக்கூடும். அதை மட்டும் செய்துகாட்டச் சொல்லாதீர்கள். வோல்டேஜ் திடீரென எகிறி, ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும்.

1989இல் வந்த ஆடி 100 டி.டி.ஐ. காரிலோ, டீசலின் அளவைக் கம்ப்யூட்டரே தீர்மானித்தது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 கொண்டுவந்த காமன் ரெயில் முறையில் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறப்பதே மின்சாரத்தால் என்பதால், கம்ப்யூட்டர் செத்தால் ஒரு சொட்டு டீசலும் உள்ளே இறங்காது.

நீங்கள் பார்க்கும் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டுக்கொண்டே போங்கள். அது பம்ப்பின் லீவரில் போய் முடிந்து, பம்ப்புக்கு ஓரிரு ஒயர்கள் மட்டுமே வந்தால் மெக்கானிக்கல் என்று கொள்ளலாம். கேபிள் ஒரு சென்சாரில் முடிந்தாலோ, பம்ப்பில் பல பின்கள் கொண்ட கனெக்டர் இருந்தாலோ, கம்ப்யூட்டரின் ஆட்சிதான். டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது, ஸ்டார்ட் செய்யும்முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்குக்கான விளக்கு; இரண்டு வகையிலும் இருக்கும்.