தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கும் என் மகள் எய்ம்ஸ் நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? கோச்சிங் அவசியமா?

நானும் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள்தான். இந்தத் தேர்வை முதல் முறை எழுதித் தவறவிட்டு, மறு ஆண்டு எழுதி இடம் பெற்றேன். அந்த ஓராண்டில் நான் புதிதாகக் கற்ற பாடம் குறைவு. ஏற்கெனவே தெரிந்த பாடத்தை ஆங்கிலத்தில் அடையாளம் கண்டுகொள்ளப் பழகியதே அதிகம். உங்கள் மகளுக்கும் அதுவே முக்கிய வேலையாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு நீட் மதிப்பெண் வேண்டும். இராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண்ணைக் கொண்டு அழைத்து, பிறகு தனியாக ஒரு கணினித் தேர்வும் நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் வைக்கின்றன. எய்ம்ஸோ தன் பி.எஸ்சி. ஆனர்ஸ் நர்சிங் படிப்புக்குத் தானே தேர்வு நடத்துகிறது. ஆகவே எய்ம்ஸை நம்பிப் பள்ளித் தேர்வைக் கைவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது. பிளஸ் டூ மதிப்பெண் நன்றாக இருந்தால் உள்ளூரில் ஓர் இடம் எப்படியும் கையில் இருக்கும். (இதைப் படிக்கும் வேறு யாரேனும் மகனுக்காகக் கேட்பதாக இருந்தால், எய்ம்ஸின் இந்தப் படிப்பு பெண்களுக்கு மட்டுமானது.)

தேர்வில் மொத்தம் 100 கேள்விகள். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய ஒவ்வொன்றிலும் 30, பொது அறிவில் 10. நேரம் இரண்டு மணி, அதாவது ஒரு கேள்விக்கு 72 நொடி. தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும். வினாத்தாள் தமிழில் வராது, ஆங்கிலமும் இந்தியும்தான்.

முதல் முறை எழுதியபோது நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். சிவப்பணுக்களின் மயானம் எனப்படும் உறுப்பு எது என்று ஒரு கேள்வி வந்தது. விடை மண்ணீரல் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்துவிட்டு அங்கே போய் அழிகிறது என்று பள்ளித் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள் நான். ஆனால் திரையில் இருந்தவை லிவர், ஸ்ப்ளீன், பேன்கிரியாஸ், தைமஸ் என்னும் நான்கு சொற்கள். ஈரல் என்றால் லிவர்தானே, மண்ணீரலும் ஓர் ஈரல்தானே என்று எண்ணி லிவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். லிவர் கல்லீரல், ஸ்ப்ளீன்தான் மண்ணீரல் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த விடைக்கு ஒரு மதிப்பெண் போனதோடு, அபராதமாக மூன்றில் ஒன்றும் போயிற்று. இப்படி எத்தனை கேள்விகள் போயின என்று அன்றிரவு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அடுத்த நாளே 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் நம் பாடநூலின் தமிழ்ச் சொல்லையும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும், அதன் அருகிலேயே ஒலிப்பைத் தமிழ் எழுத்திலும் எழுதினேன். கணையம் பேன்கிரியாஸ், பித்தப்பை கால் பிளாடர், முகுளம் மெடுல்லா, சிறுமூளை செரிபெல்லம், உதரவிதானம் டயஃப்ரம் என்று உயிரியலில் தொடங்கி, முடுக்கம், ஒளிவிலகல், மின்தேக்கி, வினையூக்கி என்று மற்றப் பாடங்களுக்கும் நகர்ந்தேன். என் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ஆங்கிலம் தெரியாது. இரவில் பூக்கட்டிக்கொண்டே அவர் தமிழ்ச் சொல்லைப் படிப்பார், நான் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஒலிப்பு தமிழில் எழுதியிருந்ததால் நான் தவறினால் அவரே பிடித்துவிடுவார். உங்கள் மகளுக்கு நீங்களும் இதைச் செய்யலாம். நாளுக்கு 20 சொற்கள் என்றாலும் மூன்று மாதத்தில் பாடநூலின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் பழகிவிடும். அதன்பிறகு மத்திய அரசின் பாடநூலான என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் நூலை ஆங்கிலத்தில் கையில் எடுத்தால், தெரிந்த ஊருக்குள் வேறு தெரு வழியாக நுழைவதைப் போல இருக்கும். தொடக்கத்திலேயே அதை எடுத்தால் பத்துப் பக்கத்தில் வெறுத்துவிடுவார்கள், நான் வெறுத்தேன்.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைக் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு மண்டலம், ஹார்மோன்கள் ஆகியவை எல்லாம் அந்த ஆண்டில்தான் வருகின்றன. இயற்பியலின் இயக்கவியலும் வெப்பவியலும் அங்கேதான் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இப்போது நீக்கப்பட்டிருப்பதால், அந்தப் பாடங்களை ஒப்புக்கு முடித்துவிட்டு நகரும் பழக்கம் பள்ளிகளில் திரும்பிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. இயற்பியலில் 30 கேள்விகள் இருப்பதை மறந்து, நர்சிங்குக்கு உயிரியல் போதும் என்று இருப்பவர்களே அதிகம். எல்லாக் கணக்கும் போட்டுப் பார்க்க நேரம் இருக்காது. ஒவ்வொரு பாடத்திலும் சூத்திரம், அதன் அலகு, ஒரு எளிய கணக்கு என்ற அளவில் முடித்தாலே பாதிக்கு மேல் எழுதிவிடலாம்.

அபராத மதிப்பெண்ணைக் கண்டு பயந்து முதல் முறை 19 கேள்விகளைத் தொடாமல் விட்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் நான்கில் ஒன்று நிச்சயம் தவறு என்று ஒதுக்க முடிந்தால், மிஞ்சும் மூன்றில் ஒன்றைத் தொடுவது நமக்குச் சாதகம். இரண்டை ஒதுக்கிவிட்டால் விடை அளிக்காமல் விடவே கூடாது. ஒன்றையும் ஒதுக்க முடியாத கேள்வியில் மட்டும் நேரத்தைச் செலவிடாமல் நகர்ந்துவிட வேண்டும்.

கோச்சிங் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணத்துக்கு ஒரு மையம் எனக்குக் கொடுத்தது நீட் மாணவர்களுக்கு அச்சடித்த பழைய தாள்கள். மாதிரித் தேர்வுகள்கூட அந்த வடிவில்தான் நடந்தன. வாரம் ஒரு மாதிரித் தேர்வைக் கணினியில் 120 நிமிடம் வைத்து எழுதினால் போதும். வீட்டில் கணினி இல்லையென்றால் பிரவுசிங் சென்டருக்கு நான்கைந்து முறை போய் மவுஸ் பழகட்டும். பொது அறிவுக்கு நாளிதழ் படிப்பதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

கடைசியாக, விண்ணப்பம். இது இரண்டு கட்டமாக நடக்கும். அடிப்படைப் பதிவு முதலில். பிறகு ஒரு குறியீட்டை உருவாக்கி, அதைக் கொண்டு இறுதிப் பதிவையும் கட்டணத்தையும் முடிக்க வேண்டும். என் தோழி ஒருத்தி முதல் கட்டத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணி ஹால் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தாள், வரவே இல்லை.

நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. பிரிவினராக இருந்தால் நீங்கள் பள்ளியில் காட்டிய மாநில அரசின் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசின் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதற்கான 8 லட்சம் ரூபாய் வருமான வரம்புக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அலுவலகத்தில் சேர்த்துச் சொன்னால் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசைகளைக் கடந்துதான் அது வரும். சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டு, விண்ணப்பம் தொடங்கும் வரை காத்திராமல் இ-சேவை மையத்துக்கு இப்போதே ஒருமுறை போய்விடுங்கள்.